தனம் அக்காவின் வால் வண்டி

காலை வழிபாடு முடிந்து, பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். போட்டிகள் நெருங்கும் வாரங்களில் எனக்கு வேறு நினைப்பே இருக்காது, போனையும் எடுக்க மாட்டேன். அன்று அது விடாமல் அடித்தது. எடுத்தால் சேகர். தனம் அக்காவின் வாடகைக் கடையில் பல வருடங்களாக இருப்பவர், வண்டியும் ஓட்டுவார். "டீச்சர், அக்கா பூட்டாங்க" என்றார். எங்கே போயிருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். எதிர்முனையில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டேன். விடியற்காலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது என்றார். போனை வைத்துவிட்டு மீதிக் கோட்டைப் போட்டு முடித்தேன். அது கோணலாகத்தான் வந்தது. அன்று முழுக்கப் பிள்ளைகள் அந்தக் கோணல் கோட்டில்தான் ஓடினார்கள்.

முடிச்சூரில் அக்காவின் வீட்டுக்கு வந்திருந்த உங்களில் பலருக்கு ஒன்று நினைவிருக்கும். அழுகைக்கு நடுவில் அங்கே சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாராவது ஒருவர் "ஒருதபா இன்னா ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பார், சுற்றி நான்கு பேர் கூடிவிடுவார்கள். தெரியாமல் எட்டிப்பார்த்தவர்கள் இது கல்யாண வீடோ என்றுகூட நினைத்திருக்கலாம். வாசலில் போட்டிருந்த பந்தலும் அவருடையது, நாற்காலியும் அவருடையது. நானும் ஓரமாக உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். எனக்குத் தெரிந்த தனம் அக்காவை இங்கே எழுதி வைக்கிறேன். அவரை அறிந்தவர்கள் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடை அவருடையது. அவர் பிறந்த குடும்பம் முடிச்சூரில் நெல் விளைவித்த குடும்பம். வயல் மனைகளாகி, மனைகள் அடுக்கு வீடுகளானபோது, தன் பங்குக்கு வந்ததை வைத்து அக்கா கடை போட்டார். கூடவே ஒரு சின்ன பிக்கப் வண்டி. டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்களிடம், "என் வண்டிய நான் ஓட்டாம, வேற ஆளு ஓட்டறத குந்திக்கினு பாக்கவா?" என்றாராம். நல்ல உயரம் அவர். அந்தச் சின்னக் கேபினில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க உட்கார்ந்து ஓட்டுவார். பெருங்களத்தூர் மேம்பாலத்துக்குக் கீழே எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அவர் வண்டிக்கு மட்டும் வழி கிடைக்கும். ஹாரன் அடிக்க மாட்டார், தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த வண்டியின் தட்டு குட்டையானது. பந்தல் கம்புகளோ நீளமானவை. ஆரம்பத்தில் எல்லாரையும்போல அக்காவும் மூங்கில்களைக் கேபினுக்கு மேலே சாய்த்துக் கட்டித்தான் கொண்டுபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் தெருவுக்குள் நுழைந்த வண்டியின் மூங்கில் முனை கேபிள் டி.வி. வயரில் மாட்டிக்கொண்டது. அக்கா கவனிக்கவில்லை. தெருக்கோடி வரை வயரை இழுத்துக்கொண்டே போய்விட்டார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்கள் லுங்கியோடு ஓடிவந்தார்கள். அக்கா இறங்கி, தொங்கும் வயரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "யார் ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டார். அன்று அவரைத் திட்டாதவர்கள் என் வீட்டில் மட்டும்தான். எங்களுக்குக் கேபிள் கிடையாது.

அதற்குப் பிறகு பிறந்ததுதான் வால். முடிச்சூர் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் தன் மேற்பார்வையில் செய்ய வைத்தார். வண்டித் தட்டுக்கு அடியில் இரண்டு கனமான இரும்புக் குழாய்கள், அவற்றுக்குள் நுழைந்து நிற்கும் இன்னும் இரண்டு. வேண்டும்போது பின்னால் இழுத்தால் உள்ளிருப்பவை நீண்டு வெளியே வரும். ஒரு இரும்பு முளையைச் செருகிவிட்டால் அசையாது. முனையில் குறுக்காக ஒரு சட்டம், அதன் இரு ஓரத்திலும் நிமிர்ந்த கொம்புகள், சரக்கு உருண்டு விழாமல் இருக்க. கம்புகள் எங்கேயும் சாயாமல், தொங்காமல், படுத்த வாக்கில் வரும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். முதல் முறை செய்தது கோணலாகி, இரண்டாம் முறை செய்தது கனமாகி, மூன்றாவதுதான் சரியாக வந்தது. அதற்குள் பட்டறைக்காரர் அக்காவைக் கண்டாலே உள்ளே போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்திருந்தார்.

வால் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டுமல்லவா, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்கு? அக்கா கட்டியது ரவிக்கைத் துணி. கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எந்த வீட்டில் பந்தல் போட்டாலும் வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துத் தருவார்கள். யாரும் அதைத் தைத்துப் போடுவதில்லை, கைமாறிக் கைமாறி ஊரையே சுற்றி வரும். அக்கா மட்டும் வந்ததில் சிவப்பை எல்லாம் பிரித்து ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொண்டார். "பச்சையும் நீலமும் வேற வூட்டுக்குப் போவட்டும். செவப்பு வாலுக்கு" என்பார். ஒரு முறை நான் என் வீட்டு விசேஷத்தில் அவருக்குப் பச்சைத் துணி வைத்துக் கொடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்து, மாற்றிக்கொடுக்கச் சொல்லி வாசலிலேயே நின்றார்.

எனக்கு அவர் பழக்கமானது பள்ளிக் கொடிக்கம்பத்தால். பழைய கம்பம் துருப்பிடித்துப் போக, புதிதாக ஒரு நீளமான குழாய் வாங்கியிருந்தோம். கடைக்காரர், "ரெண்டா அறுத்துத் தந்துடறேன் டீச்சர், ஆட்டோலயே போயிடும், அங்க வெல்டிங் பண்ணிக்கலாம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தார்ப்பாய்க்கு வளையம் வாங்க அங்கே வந்திருந்த தனம் அக்கா, அறுக்கும் இயந்திரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். எங்கள் தெருக் கேபிளை இழுத்துக்கொண்டு போனவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. "இன்னாத்துக்கு அறுக்கறே? வண்டி பத்தலன்னா வண்டிய நீட்டு. சாமான இன்னாத்துக்கு வெட்டறே?" என்று கடைக்காரரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெட்டிட்டு ஒட்டலாம் டீச்சர். ஆனா காத்தடிச்சா அந்த எடத்துலதான் ஒடியும்" என்றார். அரை மணியில் கம்பம் முழுதாகப் பள்ளிக்கு வந்தது, நுனியில் சிவப்பு ரவிக்கைத் துணி பறக்க. அந்த வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததுதான் எங்கள் சிநேகிதத்தின் ஆரம்பம். பள்ளி வாசலுக்கு வருவதற்குள் என் சம்பளம், என் கணவரின் சர்க்கரை அளவு, எங்கள் சர்ச் பாஸ்டர் எவ்வளவு நேரம் பிரசங்கம் செய்வார் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்.

இனி நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அப்பா குமார் தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தார். இத்தனை வருடங்களில் என் மைதானத்துக்கு எத்தனையோ பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவளைப்போல் ஒருத்தி வந்ததில்லை. கோலூன்றித் தாண்டுவதற்கென்றே பிறந்தவள். ஓடிவந்து கோலை ஊன்றினால் பயம் என்பதே இருக்காது. பயமெல்லாம் பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான். மூங்கிலில் பழகிக்கொண்டிருந்தவளுக்கு, என் காலத்தில் இதே போட்டியில் இருந்த ஒரு பழைய சிநேகிதி தன் ஃபைபர் கோலைக் கொடுத்தாள். நல்ல கோல், வளைந்து நிமிர்ந்து ஆளைத் தூக்கிவிடும். அது வந்த பிறகுதான் எங்கள் கஷ்டம் ஆரம்பித்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் அந்தக் கோலைப் போட்டி நடக்கும் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? மின்சார ரயிலில் ஏற்ற முடியாது. பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். போட்டி நடக்கும் இடத்தில் இருக்கும் கோலை வாங்கித் தாண்டலாம்தான், ஆனால் அது அவள் எடைக்கும் பிடிக்கும் பொருந்தாது. அப்படி இரவல் கோலில் ஒரு முறை தாண்டி, முதல் உயரத்திலேயே தோற்றுத் திரும்பினாள்.

இரண்டு நாள் கழித்துக் குமார் பள்ளிக்கு வந்தார். கோபமாக அல்ல, யோசித்து ஒரு முடிவோடு வந்திருந்தார். "டீச்சர், கொழந்த ரெண்டு நாளா சாப்புடல. இந்தக் கம்பு வாணாம். குண்டு எறியட்டும். பையில போட்டுக்கினு ரயில்ல போயிடலாம்." அவர் சொன்னதில் தப்பில்லை. நிவேதா தூரத்தில் நின்று கால் கட்டை விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆண்டு விழாப் பந்தலுக்கு அளவெடுக்க வந்திருந்த தனம் அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கிட்டே வந்தார். "இன்னா நீளம்?" என்று கேட்டார். நான் கோலைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இவ்ளோதானா? இதுக்கா பொண்ணு பட்டினி கெடக்குது? குமாரு, நீ பூ கட்டற வேலையப் பாரு. கம்பு என் வண்டில வரும்" என்றார். குமார் என்னைப் பார்த்தார். "மண்டலப் போட்டி வரைக்கும் பாக்கலாம் டீச்சர். அதுலயும் இப்டியே ஆச்சுன்னா விட்டுடணும்" என்றார். நான் தலையாட்டினேன். எப்படிப் பார்த்தாலும் அந்த ஒரு போட்டிதான் அவளுக்கு இருந்தது.

கோலுக்கு உறை தைத்ததும் அக்காதான். வண்டியில் வரும்போது உராய்ந்து கீறல் விழக் கூடாது, விழுந்தால் ஃபைபர் உடையும் என்று நான் சொல்லியிருந்தேன். கடையிலிருந்த பந்தல் துணியை நீளமாகக் கிழித்து, காலால் மிதிக்கும் தன் பழைய மெஷினில் வைத்து ஒரே மூச்சில் ஓட்டினார். நல்ல மஞ்சள் துணி. உறை கோலைவிட நீளமாகப் போய்விட்டது. "அக்கா, அளவு தப்பாப் போச்சு" என்றேன். "தப்புலாம் இல்ல. பொண்ணு வளருது, கம்பு மட்டும் அங்கியேவா நிக்கும்? ஒரு மொழம் உள்ள மடிச்சு அடிச்சுடறேன். வேணும்போது பிரிச்சுக்கோ" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒத்திகைக்கு ஒரு முறை நகரத்து மைதானத்துக்குப் போனோம். குரோம்பேட்டையில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். வண்டியைச் சுற்றி வந்து, மஞ்சள் உறையையும் வாலையும் சிவப்புத் துணியையும் பார்த்து, "இன்னாம்மா இது, மீன் புடிக்கப் போறீங்களா?" என்றார். அக்கா இறங்கி, வாலின் முளையை ஆட்டிக்காட்டினார், கட்டிய கயிற்றைச் சுண்டிக்காட்டினார். "பாரு சார், ஒரு விரக்கடை ஆடுதா? இது இந்தப் பொண்ணு மேல போறதுக்கு. ரயில்ல ஏத்த மாட்றான், பஸ்ல ஏத்த மாட்றான். நீயும் நிறுத்தினா அவ எங்க போவா?" காவலர் கேபினுக்குள் எட்டி நிவேதாவைப் பார்த்தார். தானும் போலீஸில் சேர்ந்த புதிதில் நீளம் தாண்டியதாகச் சொன்னார். எவ்வளவு என்று அக்கா கேட்டார். அவர் சொன்னார். அக்கா தெருவில் காலடி வைத்து அளந்து பார்த்து, "பொய்" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

மண்டலப் போட்டி நாள் வந்தது. பெண்களுக்கான கோலூன்றித் தாண்டுதல் பகல் பதினொரு மணிக்கு. முந்தைய மாலையே கோலைக் கடைக்குக் கொண்டுபோய் உறையோடு வண்டியில் கட்டிவிட்டோம். விடியற்காலையில் பெருங்களத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் கம்புகள் இறக்க வேண்டியிருந்தது. சேகர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவார், பிறகு நாங்கள் கிளம்புவோம் என்பது ஏற்பாடு. நானும் நிவேதாவும் குமாரும் ஆறு மணிக்கெல்லாம் கடைக்குப் போய்விட்டோம். கடை மூலையில் மஞ்சள் துணி சுற்றிய கம்பு சாய்ந்து நின்றிருந்தது. சேகர் எங்கள் கோலை மட்டும் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிவேதா ஆசையாக அதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். "மிஸ், இதுல கணு இருக்கு" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். மூங்கில். அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு கல்யாணத்துக்குப் பல கம்புகள் போனாலும், பந்தக்காலாக நடப்போகும் ஒன்றை மட்டும் மஞ்சள் துணி சுற்றித் தனியாகக் கொடுப்பது அவர் கடை வழக்கம். "மஞ்சத் துணி சுத்தனதுதான் பந்தக்காலு, அத்த முதல்ல எறக்கு" என்று சேகருக்குச் சொல்லியிருக்கிறார். அதே துணியில்தான் எங்கள் கோலுக்கும் உறை தைத்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியில் ஏற்கெனவே மஞ்சளாகக் கட்டியிருந்ததையே பந்தக்கால் என்று சேகர் நினைத்திருக்கிறார். பந்தக்கால் கடையிலேயே தங்கிவிட்டது, கோல் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. சேகருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மேளச் சத்தம் கேட்டது. "நட்டாச்சுக்கா. நல்ல நேரத்துலியே நட்டாச்சு. பால் ஊத்தி, மஞ்சள் குங்குமம் வெச்சு, மாவெலைலாம் கட்டியாச்சு. செம லைட் வெய்ட்டுக்கா இந்தக் கம்பு" என்றார் சேகர், சந்தோஷமாக.

நட்ட பந்தக்காலைக் கல்யாணம் முடியும்வரை பிடுங்க மாட்டார்கள். இந்து வீடுகளுக்கு நடுவில் வாழ்ந்த எனக்கு அது தெரியாததல்ல. குமார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிவேதா அழவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் அக்காவிடம் கத்தியிருப்பேன், வாய் வரை வந்தது. அதற்குள் அக்கா, "குமாரு, நீ பொண்ணக் கூட்டிக்கினு ரயில்ல மைதானத்துக்குப் போ. அவள எந்த ரயில்லயும் ஏத்துவான். கம்ப நானும் டீச்சரும் கொண்டாறோம்" என்றார். நிவேதா அசையவில்லை. "நானும் கம்பு கூடத்தான் வருவேன்" என்றாள். அவளை நகர்த்த முடியாது என்று தெரிந்ததும் குமார் மட்டும் போனார்.

சேகர் திரும்பி வந்ததும் அந்த மூங்கிலை வாலில் ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூருக்குப் போனோம். வாசலின் வடகிழக்கு மூலையில் நிவேதாவின் கோல் நின்றிருந்தது. நுனியில் மாவிலைக் கொத்து, இடுப்பில் நவதானிய முடிச்சு, உடம்பெல்லாம் மஞ்சள் குங்குமம். உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்கு அந்த அலங்காரம் நன்றாகவே பொருந்தியிருந்தது. கல்யாணப் பெண் பவித்ராவுக்கு அப்பா இல்லை, அத்தை சரோஜாதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "நட்டத ஆட்டிக்கூடப் பாக்கக் கூடாது. இது எங்க அண்ணன் பொண்ணு வாழ்க்கை. நீ பந்தல் போடற பொம்பள, உனக்கு நான் சொல்லணுமா?"

அக்கா வாதாடவில்லை. "நீங்க சொல்றது கரீட்டு. தப்பு என்னுது" என்று சொல்லி, தன் கடையின் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார். எனக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அப்போது பவித்ரா உள்ளேயிருந்து வந்தாள், கன்னத்தில் மஞ்சளோடு. அந்தக் கோலை அண்ணாந்து பார்த்து, பிறகு நிவேதாவைப் பார்த்து, "இதுல எவ்ளோ ஒசரம் போவே?" என்று கேட்டாள். நிவேதா வீட்டைப் பார்த்தாள். ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடைக் காட்டி, "அதுக்கு மேல, இன்னும் கொஞ்சம்" என்றாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சன்ஷேடைப் பார்த்தார்கள். பவித்ரா அத்தை பக்கம் திரும்பினாள். "அத்தை, என் கல்யாணக் கம்பு அவ்ளோ ஒசரம் போயிட்டு வந்தா எனக்கு நல்லதுதானே?"

சரோஜா அம்மாள் விரலை மடக்கி மடக்கி நிபந்தனைகளைச் சொன்னார். மூங்கிலை அதே குழியில் கோலுக்குப் பக்கத்தில் முதலில் நட வேண்டும். அதற்கும் எல்லாம் முறைப்படி செய்ய வேண்டும். அதன்பிறகு இரண்டையும் மஞ்சள் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கட்டிய கயிற்றை அவிழ்த்து, கோலை எடுத்துக்கொள்ளலாம். "இத்தப் புடுங்கிட்டோம்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. வெளியூரு போயிட்டு வருது. சாயங்காலம் நலங்குக்கு முன்ன இங்க வந்து நிக்கணும். துணில இருக்கற மஞ்சள் அழியக் கூடாது." அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் சரோஜா அம்மாள் செருப்பைத் தேடினார். "நானும் வர்றேன். உன்ன நம்பி அனுப்ப மாட்டேன்."

இப்படியாக, கல்யாண வீட்டின் அத்தை, அக்கா, நான், கிட்டத்தட்ட என் மடியில் நிவேதா என்று அந்தக் குட்டிக் கேபினில் அடைந்துகொண்டு போனோம். பின்னால் நீட்டிய வாலில் மாவிலையும் குங்குமமுமாகக் கோல். ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிக்னலில் ஒரு அம்மாள் கோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியா டீச்சர், உன் கம்பு சாமியாயிடுச்சு" என்றார் அக்கா. சரோஜா அம்மாள் சிரிக்கவில்லை. நவதானிய முடிச்சு அவிழ்கிறதா என்று வழி நெடுக ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உறையைச் சரோஜா அம்மாளே கழற்றி, மஞ்சள் உதிராமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நிவேதா முதல் உயரத்தை லேசாகத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். அதற்கடுத்த உயரத்தில் இரண்டு முறை குறுக்குக் குச்சியைத் தட்டிவிட்டாள். மூன்றாவது முறை ஓட ஆரம்பித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருடம் விசில் ஊதிய நான், கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தார். திறந்தபோது நிவேதா மெத்தையில் மல்லாந்து கிடந்து, தலைக்கு மேலே அசையாமல் நின்ற குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் குமார் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரோஜா அம்மாள் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

வெள்ளிப் பதக்கம். மாநிலப் போட்டிக்குத் தேர்வு. "ரெண்டாவதா? ஏன், கம்புல ஏதாச்சும் கொறையா?" என்று சரோஜா அம்மாள் என்னைக் குற்றவாளியைப்போல் விசாரித்தார். குமார் அதன்பிறகு குண்டு எறிவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நலங்குக்கு முன்னால் கோல் சொன்னபடி கல்யாண வீட்டு மூலைக்குத் திரும்பி, மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்றது. அதன்மேல் பவித்ரா அந்தப் பதக்கத்தை மாட்டி வைத்தாள். கல்யாணப் படங்களில் இன்றும் அது இருக்கிறது. தாலி கட்டிய மறுநாள் கோலை வாங்கப் போனபோது, அக்காவுக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துத் தந்தார்கள். சிவப்பு.

அக்கா போன அன்று அவர் வீட்டு வாசலில் அதிகம் சிரிக்க வைத்தவர் சரோஜா அம்மாள்தான். "எங்க வூட்டுப் பந்தக்கால வண்டில ஏத்தி ஊரு சுத்திக் காட்டிட்டு வந்து வுட்டாளே, அவள மாதிரி ஒருத்திய எங்க பாப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அழுதார். பவித்ரா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குமார் கூடை நிறையச் சம்பங்கி கொண்டுவந்திருந்தார். காட்டாங்குளத்தூரில் கல்லூரி விடுதியிலிருந்து நிவேதா வந்தாள். நேராக வண்டிக்குப் பின்னால் போய், உள்ளே தள்ளியிருந்த வாலின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

கடையை இப்போது அக்காவின் மகள் தேவி பார்த்துக்கொள்கிறாள். வண்டியை விற்கவில்லை. காரியம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, ரவிக்கைத் துணிப் பையைக் கையில் கொடுத்தாள். "அம்மா கட்டற மாதிரி எனக்குக் கட்டத் தெரியல டீச்சர். வண்டி கெளம்பும்போது நீங்க வந்து கட்டுங்க" என்றாள்.

போன வாரம் அதற்கு வேலை வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு நிவேதாவுக்குப் புதுக் கோல் வந்திருக்கிறது. இப்போதைய உயரங்களுக்குப் பழையது போதாது என்று அவளுடைய பயிற்சியாளர் ஏற்பாடு செய்தது. கடை வாசலில் சேகர் வாலை இழுத்து முளையைச் செருகினார். நான் என் பீரோவில் இத்தனை நாளும் துவைக்காமல் வைத்திருந்த மஞ்சள் உறையைக் கொண்டுபோயிருந்தேன், மஞ்சள் குங்குமக் கறை இன்னும் போகவில்லை. கோலை நுழைத்தோம். நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "வேற துணி சுத்திக்கலாம் மிஸ்" என்றாள் நிவேதா. அப்போதுதான் எனக்கு அந்த ஒரு முழம் ஞாபகம் வந்தது. உறையை உள்பக்கம் திருப்பினேன். அக்கா மடித்து அடித்த இடம் அப்படியே இருந்தது, நெருக்கமான, கோணலே இல்லாத தையல். தேவி பிளேடு கொடுத்தாள். பிரித்தேன். உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் புதிதுபோல் மஞ்சளாக இருந்தது. கோல் முழுதாக உள்ளே போனது.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த உறையும், ஒரு பை சிவப்புத் துணியும், வண்டி பத்தவில்லை என்றால் வண்டியைத்தான் நீட்ட வேண்டும் என்ற பேச்சும். என் மைதானத்துக்கு யாராவது ஒரு பெற்றோர் முகம் வாடி வந்து நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு என் வாயில் அவர் குரலிலேயே வருகிறது.

அன்று உறையில் இன்னும் நான்கு விரல் மிச்சம் இருந்தது. நான் அதை உள்ளே மடித்து, அங்கேயே உட்கார்ந்து தைத்துவிட்டேன்.